ஆளுமைச் சோதனையின் பெறுபேற்றை வைத்து வேலை பிரிக்கலாமா?

கல்முனையில் ஓர் அபிவிருத்தி நிறுவனத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்களுடைய அலுவலகத்தில் 34 பேர் வேலை செய்கிறார்கள். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் ஒரு நாள் பட்டறையில் எல்லோருக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனையை நடத்தி, ஒவ்வொருவர் கையிலும் நான்கு எழுத்துகளால் ஆன ஒரு 'வகை'யைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது பணிப்பாளர் அந்தப் பெறுபேறுகளைப் பார்த்து, திருக்கோவில், பொத்துவில் பக்கக் கிராமங்களுக்குச் செல்லும் ஆறு களப் பதவிகளுக்கு ஆட்களைப் பிரிக்க நினைக்கிறார். 'உள்முகம்' (கூட்டத்தைவிடத் தனிமையில் தெம்பு பெறுபவர்) என்று வந்தவர்களை அலுவலகத்திலேயே இருத்திவிடலாம் என்பது அவருடைய எண்ணம். இது சரியா, இப்படியான சோதனைகளால் வேலைத்தலத்தில் ஒருவரை உண்மையில் விளங்கிக்கொள்ள முடியுமா என்று சகோதரி கேட்கிறார்.

சுருக்கமான பதிலை முதலில் தந்துவிடுகிறேன். அந்தத் தாளை வைத்து ஆறு பதவிகளுக்கும் ஆட்களைத் தெரிவு செய்யக் கூடாது. ஆட்சேர்ப்புக்கோ வேலைப் பிரிப்புக்கோ இந்தச் சோதனையைப் பயன்படுத்துவது நெறிமுறைக்கு மாறானது என்று அதன் பெயரைத் தாங்கிய மையர்ஸ்-பிரிக்ஸ் மன்றமே சொல்லி வந்திருக்கிறது. ஆகவே உங்கள் பணிப்பாளரிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்கு முதற் சான்று அந்தச் சோதனைக்கு உரியவர்களிடமிருந்தே கிடைக்கிறது. அதே வேளை, மனிதர்களின் பண்புகளை அளப்பதே வீண் வேலை என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊழியர் பயிற்சியில் நீண்ட காலம் ஈடுபட்டவன் என்ற முறையில், ஒழுங்காக அளந்து, அளந்ததை அதன் அளவுக்கு மட்டும் நம்பிய இடங்களில் இதனால் நன்மை விளைந்ததைக் கண்டிருக்கிறேன். அந்த அளவு எது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

நமது வயற்காணிகளில் ஒரு போடியார், அதாவது பெரிய வயற்சொந்தக்காரர், வயலைப் பொறுப்பாகப் பார்க்கும் முல்லைக்காரனைத் தெரிவு செய்த முறையை நினைத்துப் பாருங்கள். அவர் யாரிடமும் வினாக்கொத்து நிரப்பிக் கேட்கவில்லை. தண்ணீர் முறை நடுச்சாமத்தில் வரும்போது வரம்புக்குப் போகிறவன் யார், வாடியில் கூலிக்காரரோடு கோபதாபம் வந்தால் அதை ஆற்றத் தெரிந்தவன் யார், விதைநெல்லைக் கணக்குப் பிசகாமல் பார்த்துக்கொள்கிறவன் யார் என்பதை ஒரு போகம், இரண்டு போகம் என்று பார்த்துத்தான் வயலை ஒப்படைத்தார். அவர் பார்த்தது பண்பைத்தான். ஆனால் அதை வேலைக்குள்ளேயே, பல நாட்களாக, தன் கண்ணாலும் மற்றவர் கண்ணாலும் பார்த்தார். நாம் இன்று பயன்படுத்தும் வினாக்கொத்து, இரண்டு போகம் காத்திருக்க நேரமில்லாத இடத்தில் இருபது நிமிடத்தில் எடுக்கப்படும் ஒரு குறுக்குவழி. குறுக்குவழியில் போவதில் தவறில்லை. எதைத் தாண்டி வந்தோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

உளவியலில் பண்பு என்பதற்கு ஓர் ஒடுங்கிய பொருள் உண்டு. ஒருவர் பல இடங்களில், பல நாட்களில், எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு அழுத்தமாக ஒரே விதமாக நடந்துகொள்கிறார் என்பதன் சராசரியே அது. பேச்சாளியான ஒருவரும் மரண வீட்டில் மௌனமாக இருப்பார். கூச்சமுள்ள ஒருவரும் தன் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்காக அதிபரோடு வாதாடுவார். 1968ஆம் ஆண்டிலேயே வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர், ஒரு பண்பின் அளவை வைத்து ஒரு குறிப்பிட்ட தருணத்தில் ஒருவர் எப்படி நடப்பார் என்று சொல்வது மிகவும் பலவீனமானது என்று எடுத்துக்காட்டினார். அதற்குப் பின் நடந்த நீண்ட வாதங்களின் முடிவில் பொதுவாக ஏற்கப்பட்டது என்னவென்றால், ஒரு தருணத்தைப் பற்றிப் பண்பு அதிகம் சொல்லாது, நூறு தருணங்களின் போக்கைப் பற்றி ஓரளவு நன்றாகவே சொல்லும் என்பதுதான்.

இந்த அளவீட்டின் பிறப்பிடம் அகராதி. 1936இல் அமெரிக்காவில் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஒட்பெர்ட்டும் ஆங்கில அகராதியொன்றைப் புரட்டி, ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து வேறுபடுத்திச் சொல்லக்கூடிய 17,953 சொற்களைத் திரட்டினார்கள். அவற்றுள் ஏறக்குறைய 4,500 சொற்களே நிலையான இயல்பைக் குறிப்பவை என்று பிரித்தார்கள். மனிதர்களுக்கு முக்கியமான எந்த வேறுபாட்டுக்கும் மொழி ஒரு சொல்லை உண்டாக்கியிருக்கும் என்பதே இதன் அடிப்படை எண்ணம். பின்வந்தவர்கள் எந்தெந்தச் சொற்கள் ஒன்றாகச் சேர்ந்து போகின்றன என்று கணித முறையில் பார்த்தபோது, 1961இல் அமெரிக்க விமானப்படையின் ஆய்விலும் பிற இடங்களிலும் ஐந்து கூட்டங்கள் திரும்பத் திரும்பத் தெரிந்தன. 1981இல் லூயிஸ் கோல்ட்பெர்க் அவற்றுக்குப் 'பெரும் ஐந்து' என்று பெயரிட்டார்.

அந்த ஐந்தையும் வேலைத்தலத்து மொழியில் இப்படிச் சொல்லலாம். புதிய எண்ணங்களையும் புதிய முறைகளையும் விரும்பி ஏற்பது புதுமை நாட்டம். எடுத்த வேலையைத் திட்டமிட்டு, காலம் தவறாமல், பிசகில்லாமல் முடிப்பது கருமசிரத்தை. மனிதர் கூட்டத்தில் உற்சாகம் பெறுவது புறமுகத்தன்மை. பிறரை நம்பி, விட்டுக்கொடுத்து, ஒத்துழைப்பது இணக்கம். கவலையும் பதற்றமும் எளிதில் மேலெழுவது மனத்தளம்பல். இவற்றில் எதுவும் முழு நன்மையுமல்ல, முழுத் தீமையுமல்ல. இணக்கம் மிகுந்த ஒருவர் கொள்முதல் பிரிவில் வழங்குநரிடம் விலை பேச முடியாமல் தவிப்பதையும், மனத்தளம்பல் உள்ள ஒருவர் அந்தக் கவலையினாலேயே ஒவ்வொரு காசோலையையும் மூன்று முறை சரிபார்ப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் பட்டறையில் நடந்த சோதனைக்கு வருவோம். கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய கருத்துகளை எடுத்துக்கொண்டு, கத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது அது. உள்முகம், புறமுகம் என்பது போன்ற நான்கு இருமைகள், ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒரு பக்கம். ஆக 16 வகைகள். இதிலுள்ள பெரிய குறையை விளக்க எனக்கு நெல் வாங்கும் இடத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்கவில்லை. ஈரப்பதன் பார்க்கும் கருவி 13.8 என்றும் 14.2 என்றும் 17 என்றும் எண்ணைக் காட்டுகிறது. கொள்வனவுக்காரர் அந்த எண்ணை எழுதாமல் 14ஐ எல்லையாக வைத்து 'காய்ந்தது', 'ஈரம்' என்று இரண்டு சொற்களை மட்டும் எழுதினால், 13.8உம் 14.2உம் எதிரெதிர் வகைகளாகிவிடும்; 14.2உம் 22உம் ஒரே வகையாகிவிடும். மனிதர்களின் புறமுகத்தன்மையும் இப்படித்தான்: பெரும்பாலானோர் நடுவிலே நிற்கிறார்கள், இரண்டு ஓரங்களிலும் சிலரே இருக்கிறார்கள். ஆட்கள் மிக அடர்த்தியாக நிற்கும் நடுவிடத்திலேயே கத்தியை வைத்து வெட்டினால், அன்றைய மனநிலையில் இரண்டு கேள்விக்கு விடை மாறினாலே ஒருவருடைய வகை மாறிவிடும். ஐந்து வார இடைவெளியில் திரும்ப எழுதியவர்களில் கணிசமானோருக்கு வேறு வகை வந்ததாக ஆய்வுகள் காட்டியதன் காரணம் இதுதான். உங்கள் அலுவலகத்தில் 'உள்முகம்' என்று வந்தவர்களில் எத்தனை பேர் எல்லைக்கோட்டுக்கு அரை அடி இப்பால் நின்றவர்கள் என்று அந்த நான்கு எழுத்துகள் உங்களுக்குச் சொல்வதில்லை.

ஆனாலும் பட்டறை முடிந்ததும் எல்லோரும் 'அப்படியே என்னைச் சொல்லியிருக்கிறது' என்று வியந்திருப்பார்கள். பணிப்பாளரின் நம்பிக்கைக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். 1948இல் பேர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆளுமை விவரணம் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். உண்மையில் அவர் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே விவரணம். அதன் வாக்கியங்களைச் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளியிடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. 'வெளியில் கட்டுப்பாடாகத் தோன்றினாலும் உள்ளுக்குள் சில வேளை கவலைப்படுபவர்' என்று சொன்னால் இல்லை என்று மறுப்பவர் யார்? பொருந்துகிறது என்ற உணர்வு, சோதனை சரியானது என்பதற்குச் சான்றாகாது.

ஐந்து பண்புகளையும் எண்ணாக அளக்கும் சோதனைகள் இந்த விடயத்தில் மேலானவை. ஆனால் அவற்றின் பலமும் எவ்வளவு என்று அறிந்திருக்க வேண்டும். 1991இல் மரே பாரிக், மைக்கல் மவுண்ட் ஆகியோர் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, எல்லா வகையான தொழில்களிலும் வேலைத் திறனோடு தொடர்புகொண்டிருந்த பண்பு கருமசிரத்தை ஒன்றே என்று கண்டார்கள். விற்பனை, முகாமை போன்ற, மனிதரோடு பழகும் தொழில்களில் புறமுகத்தன்மைக்கும் ஓரளவு தொடர்பு இருந்தது. கருமசிரத்தையின் தொடர்பு ஏறக்குறைய 0.2 என்ற அளவு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1). இந்த எண் கையில் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கால் காட்டுகிறேன். கருமசிரத்தையில் மேல் பாதியில் வரும் 100 பேரை எடுத்தால், வேலையிலும் மேல் பாதியில் வருபவர்கள் ஏறக்குறைய 56 பேர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால் 50 பேர். ஆயிரம் பேரைச் சேர்க்கும் பெரிய தொழிற்சாலைக்கு அந்த ஆறு பேரின் வித்தியாசம் பெறுமதியானது. ஆறு பதவிகளுக்கு 34 பேரிலிருந்து ஆள் தேடும் உங்களுக்கு, அதை மட்டும் நம்பி ஒருவருடைய தொழில் வாழ்க்கையைத் திருப்பிவிட அது போதாது. 2022இல் போல் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் தெரிவு முறைகளை மறுபடியும் ஒப்பிட்டபோது, முன்னணியில் நின்றது ஆளுமைச் சோதனை அல்ல. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் புள்ளியிடும் கட்டமைத்த நேர்முகப் பரீட்சைதான்.

இன்னொன்று: வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் விடைகள் நேர்மையாக வருவதில்லை, அதற்கு விண்ணப்பதாரியைக் குறை சொல்லவும் முடியாது. களுவாஞ்சிக்குடியில் ஒரு தெரிவின்போது மண்டபத்துக்கு வெளியே வாங்கில் இருந்த ஒரு தாய், தன் பக்கத்திலிருந்த பிள்ளையிடம் மெல்லிய குரலில், "புள்ள, இதில எதைப் போட்டா வேலை தருவாங்க?" என்று கேட்டதை நான் கேட்டேன். அவருடைய கையில் இருந்த தாளில் 'நான் எப்போதும் ஆயத்தமாக இருப்பேன்' என்ற வாக்கியத்துக்கு நேரே பேனா நின்றுகொண்டிருந்தது. மூன்று பிள்ளைகளோடு வேலை தேடி வந்த ஒருவர் அதற்கு ஐந்துக்கு ஐந்து என்று போடாமல் வேறு எதைப் போடுவார்? அன்று எங்களுக்குக் கிடைத்தது அவருடைய கருமசிரத்தையின் அளவல்ல, தேவையின் அளவு.

மொழியைப் பற்றி நான் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் இந்தச் சோதனைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கோல்ட்பெர்க் தொடங்கிவைத்த ஒரு பொது வினாக் களஞ்சியம் உண்டு. 3,000க்கும் மேற்பட்ட வாக்கியங்களைக் கொண்ட அதை யாரும் கட்டணமோ அனுமதியோ இன்றிப் பயன்படுத்தலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதிலிருந்து எடுத்த ஐம்பது வாக்கியங்களை ஒருவர் ஒரே இரவில் தமிழாக்கிக் கொண்டுவந்த தாளை நான் பார்த்திருக்கிறேன். புறமுகத்தன்மைக்கான முதல் வாக்கியம் 'நான் விருந்தின் உயிர்' என்றிருந்தது. ஆங்கிலத்தில் அது கூடியிருக்கும் இடத்தைக் கலகலப்பாக்கும் ஒருவரைக் குறிக்கும். காத்தான்குடியிலிருந்து வந்த சகோதரி ஒருவர் அதைப் படித்துவிட்டு, தான் விருந்துகளுக்கு அதிகம் போவதில்லை என்று ஐந்துக்கு ஒன்று போட்டார். அவர் இருக்கும் அறையிலோ சிரிப்பு ஓய்வதில்லை. புதுமை நாட்டத்துக்கு 'எனது சொல்வளம் அதிகம்' என்ற வாக்கியம். அது ஆங்கில அறிவைக் கேட்கிறது என்று எண்ணிப் பாதிப்பேர் குறைத்துப் போட்டார்கள். 'நான் அதிகம் பேசுவேன்' என்பது ஓர் ஆணுக்குச் சாதாரணமான கூற்று. ஒரு பெண்ணுக்கு அது 'வாயாடி' என்ற வசையின் நிழலோடு வருகிறது. 'என் பொருட்களை அங்குமிங்கும் விட்டுவிடுவேன்' என்பது தனியறை உள்ளவருக்குப் பண்பைப் பற்றிய கேள்வி. ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் வாழ்பவருக்கு அது இடவசதியைப் பற்றிய கேள்வி.

எதிர்மறை வாக்கியங்கள் இன்னும் மோசம். 'நான் எளிதில் பதற்றப்படுவதில்லை' என்ற கூற்றுக்கு 'உடன்படவில்லை' என்று குறியிட்டால் அவர் பதற்றப்படுபவர் என்று பொருள். தமிழில் 'இல்லை'யின் மேல் 'இல்லை' வரும்போது கவனமாக வாசிப்பவரும் தடுமாறுகிறார். இதற்கு மேல், மேலதிகாரி கொடுத்த தாளில் எதையும் மறுக்கக் கூடாது என்ற மரியாதையில் எல்லாவற்றுக்கும் உடன்பட்டுப் போகும் வழக்கமும் நம்மிடம் உண்டு.

அதற்கும் அடியில் ஆழமான ஒரு பிரச்சினை இருக்கிறது. இந்த ஐந்து கூட்டங்களும் முதலில் ஆங்கிலச் சொற்களிலிருந்து எழுந்தவை. நமது 'அடக்கம்' என்ற சொல்லை இவற்றில் எதற்குள் வைப்பீர்கள்? அதில் குறைவாகப் பேசுவதும் உண்டு, பிறருக்கு இடம் விடுவதும் உண்டு, தன்னை உயர்த்திச் சொல்லாமையும் உண்டு, உணர்ச்சியை ஆளுவதும் உண்டு. கொரியன், ஹங்கேரியன் முதலிய ஏழு மொழிகளின் சொற்களை ஆராய்ந்த மைக்கல் ஆஷ்டன், கிபியோம் லீ குழுவினர் 2004இல், நேர்மையும் பணிவும் சேர்ந்த ஆறாவது பண்பு ஒன்று தெரிகிறது என்று காட்டினார்கள். நம் 'அடக்க'த்தின் ஒரு பகுதிக்கு அங்கேதான் இடம் கிடைக்கிறது. 2013இல் வெளியான வேறொரு ஆய்வு என்னை இன்னும் அதிகமாகச் சிந்திக்க வைத்தது. பொலிவியாவின் தாழ்நிலக் காட்டில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம் பெரும் ஐந்தை அளந்தபோது ஐந்து கூட்டங்கள் வரவில்லை. பிறருக்கு உதவி ஒத்து வாழ்வது, கடுமையாக உழைப்பது என்ற இரண்டு போக்குகளே தெளிவாகத் தெரிந்தன. அதைப் படித்தபோது எனக்குப் போடியார்தான் நினைவுக்கு வந்தார். 'பாடுபடுவானா? நாலு பேரோடு ஒத்துப்போவானா?' என்பதைத் தவிர வேறென்ன அவர் கேட்டார்? இதனால் ஐந்து பண்புகளும் நமக்குப் பொருந்தா என்று சொல்ல வரவில்லை. படித்து அலுவலகத்தில் வேலை செய்பவர்களிடம் அவை உலகின் பல நாடுகளில் நன்றாகவே தெரிகின்றன. ஆனால் நெல் மூட்டை ஏற்றுபவரிடமும், தறியில் இருப்பவரிடமும், களத்தில் கூட்டம் கூட்டுபவரிடமும் அதே ஐம்பது வாக்கியங்களைக் கொடுக்கும் முன் நாம் நிதானிக்க வேண்டும்.

மனத்தளம்பலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். போரை நம் இரு மாவட்டங்களிலும் அறியாத வீடு இல்லை. 'எனக்குத் திடீரென்று பயம் வருவதுண்டு', 'எனக்கு நித்திரை குழம்புவதுண்டு' என்ற வாக்கியங்களுக்கு ஆம் என்று சொல்பவர் தன் இயல்பைச் சொல்கிறாரா, தான் பட்டதைச் சொல்கிறாரா என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. மேலாளருக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை. மனநோயைக் கண்டறியும் நோக்கில் செய்யப்பட்ட சோதனையை ஊழியர்களுக்குப் பதவி உயர்வின்போது கொடுத்த ஒரு நிறுவனத்தின் வழக்கில், அது மருத்துவப் பரிசோதனையே என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவுகளை விசேட வகையில் வைக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் சக ஊழியரின் துயரத்தைப் புள்ளியாக்கி மேசையில் வைக்கக் கூடாது என்பதற்கு நமக்குச் சட்டம் தேவையா?

பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நுண்கடன் நிறுவனத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே வெளிக்கள உத்தியோகத்தராக இருந்த ஒரு தங்கை, 'மேலதிகாரியோடு கருத்து முரண்பட்டால் வெளிப்படையாகச் சொல்வேன்' என்பது போன்ற வாக்கியங்களுக்கு நேர்மையாக விடையளித்ததால் இணக்கத்தில் மிகக் குறைந்த புள்ளி பெற்றார். முகாமையாளர் அதைச் சுட்டிக்காட்டி, இவர் குழுக்களோடு பழகத் தகுந்தவரல்ல என்று அவரைக் கோவைகள் அடுக்கும் பகுதிக்கு மாற்றினார். நான் பயிற்சிக்குப் போனபோது அந்த மாற்றத்தின் பின்னணியை மற்றவர்கள் சொன்னார்கள். ஒரு கிராமத்தில் மரணம் நடந்த மறுநாள், அந்த வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும் தவணைப் பணம் கேட்கப் போக மாட்டேன் என்று அவர் மறுத்திருக்கிறார். அந்தக் கிராமத்துப் பெண்கள் அதற்குப் பின் ஒரு தவணைகூடத் தவறவில்லை. யாரோடு இணக்கம் என்று அந்தச் சோதனை கேட்கவில்லை. முகாமையாளருக்கு முன்பே இருந்த மனத்தாங்கலுக்கு ஒரு எண் கிடைத்தது, அவ்வளவுதான். அன்று நான் அந்த மாற்றத்தைத் தடுக்கும் அளவுக்குப் பேசவில்லை. அது இன்றுவரை எனக்கு வருத்தம்.

பயன்பட்ட இடத்தையும் காட்டுகிறேன். கல்லடியில் ஒரு அலுவலகத்தில் நிதி உத்தியோகத்தருக்கும் சமூக அணிதிரட்டுநர் ஒருவருக்கும் ஓயாத சண்டை. அணிதிரட்டுநர் மாதம் முழுவதும் சேர்த்த பற்றுச்சீட்டுகளை ஒரு கடைப் பையில் திணித்து, கணக்கு மூடும் 25ஆம் திகதிக்கு இரண்டு நாள் பிந்திக் கொண்டுவந்து கொட்டுவார். பெற்றோல் சீட்டுகளில் எழுத்து வியர்வையில் அழிந்திருக்கும். தன்னை மதிக்காததால்தான் இப்படிச் செய்கிறார் என்று நிதி உத்தியோகத்தர் உறுதியாக நம்பினார். ஒரு பயிற்சியில் இருவரும் பண்புகளை அளக்கும் தாளை நிரப்பினார்கள். கருமசிரத்தைக்குப் பத்து வாக்கியங்கள், 50 புள்ளிகள். நிதி உத்தியோகத்தரான அந்த அம்மாவுக்கு 46, அணிதிரட்டுநருக்கு 29. இருவரும் தாமாக விரும்பித் தாள்களை மாற்றிப் பார்த்தார்கள். 'நீங்கள் எல்லா இடத்திலும் இப்படியா?' என்று அந்த அம்மா கேட்க, 'என் வீட்டு மின்சாரப் பட்டியலும் இப்படித்தான், அக்கா' என்று இவர் சொன்னபோதுதான், இரண்டு வருட மனக்கசப்பில் ஒரு பெரிய பங்கு கரைந்தது. அதன் பிறகு ஏற்பாட்டை அணிதிரட்டுநரே சொன்னார்: ஒவ்வொரு நாள் மாலையும் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் முன் அன்றைய சீட்டுகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது. அந்தப் புள்ளிகள் யாருடைய பதவியையும் தொடவில்லை, கோவைக்குள் போகவில்லை, மாலையில் அவரவர் தாளை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் தவறாக வாசித்துக்கொண்டிருந்ததைத் திருத்த அது உதவியது. பண்பு அளவீட்டிலிருந்து நான் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

உங்கள் ஆறு பதவிகளுக்கு என்ன செய்யலாம்? சோதனையை எடுக்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலையை இப்போது செய்யுங்கள். அந்தக் கிராமங்களில் இப்போது களவேலை செய்து நல்ல பெயர் எடுத்தவர்களோடு இருந்து, கடந்த ஒரு மாதத்தில் அவர்களைத் திணறடித்த சம்பவங்களை எழுதுங்கள்: கூட்டத்துக்கு மூவர் மட்டும் வந்த நாள், பயனாளிகள் பட்டியலில் பெயர் விடுபட்டவர் சத்தமிட்ட நாள், மழையில் பாதை துண்டிக்கப்பட்ட நாள். அந்தச் சம்பவங்களே உங்கள் கேள்விகள். விருப்பமுள்ள ஒவ்வொருவரிடமும் அதே ஐந்தாறு சம்பவங்களை அதே வரிசையில் வைத்து, 'இது போன்ற ஒன்று உங்களுக்கு நடந்ததா, என்ன செய்தீர்கள்?' என்று கேட்டு, கேட்கும் முன்பே எழுதிவைத்த அளவுகோலால் இருவர் தனித்தனியே புள்ளியிடட்டும். அதோடு ஒரு நாள் அவர்களைக் களத்துக்கு அனுப்பிப் பாருங்கள். தறியடியிலோ திண்ணையிலோ இருக்கும் நான்கு பெண்களோடு அமைதியாக இருந்து கேட்கத் தெரிந்தவர் பல வேளை உங்கள் பணிப்பாளர் அலுவலகத்தில் இருத்த நினைக்கும் அந்த 'உள்முக' ஆளாகவே இருப்பார். களவேலையில் பாதி கேட்பதுதான் என்பது கிராமங்களுக்குப் போன எவருக்கும் தெரியும்.

பண்பு அளவீட்டையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று பணிப்பாளர் சொன்னால், வகைகளை விட்டுவிட்டு ஐந்து பண்புகளை எண்ணாகத் தரும் ஒன்றை எடுங்கள். பொது வினாக் களஞ்சியமே போதும். தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி, எங்கே பொருள் விலகியது என்று பாருங்கள். பிறகு ஐந்து ஊழியர்களிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து, 'இதிலிருந்து நீங்கள் என்ன விளங்கினீர்கள்?' என்று கேளுங்கள். அந்த ஒரு மணித்தியாலம் மொழிபெயர்ப்பாளர் கண்ணுக்குத் தப்பியவற்றை வெளியே கொண்டுவரும். சிங்களம் பேசும் ஊழியர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். 'நான்' என்று தொடங்கும் இடத்தில் 'வேலையில் நான்' என்று சேர்த்துவிடுங்கள்; வீட்டில் ஒருவிதமாகவும் அலுவலகத்தில் ஒருவிதமாகவும் இருப்பவர்கள் நம்மில் பலர், அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் விடை வேலைத் திறனோடு நெருங்கி வருவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஒருவரோடு நெடுநாள் வேலை செய்த இருவர் மூவரும் அவரைப் பற்றி அதே தாளை நிரப்பினால் இன்னும் நல்லது. தன்னைப் பற்றித் தான் சொல்வதைவிடச் சக ஊழியர் சொல்வது வேலையை முன்கூட்டிச் சொல்வதில் மேலானது என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்ட முடிவு. இருபது வயதில் எடுத்த பெறுபேற்றை முப்பதில் நம்பவும் கூடாது: இளமையிலிருந்து நடுவயது நோக்கிப் போகும்போது சராசரியாகக் கருமசிரத்தை கூடுகிறது, மனத்தளம்பல் குறைகிறது.

பட்டறையில் கிடைத்த அந்த 34 தாள்களும் இப்போது தனிநபர் கோவைகளில் வைக்கப்பட்டிருப்பதாக உங்கள் கேள்வியின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். நிர்வாக உத்தியோகத்தர் நீங்கள்தான் என்பதால் இதை உங்களால் செய்ய முடியும்: பணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, அவற்றை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் உறையிலிட்டு உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரதி எடுக்கப்பட்டிருந்தால் அதையும் உறைக்குள் வையுங்கள். ஆறு பதவிகளுக்கான நேர்முகப் பரீட்சைக்கு நாள் குறிக்கும் முன்பே அது நடந்து முடிய வேண்டும். எந்த உறையில் எந்த எழுத்து இருந்தது என்பது கேள்வி கேட்பவர்களின் மனதில் இருக்கும்வரை, எவ்வளவு நல்ல கேள்விகளை எழுதினாலும் அவர்கள் அந்த எழுத்தையே தேடிக்கொண்டிருப்பார்கள்.